படாக் பலகைக்கு எந்தப் பூச்சு?

புதிதாக இழைத்த படாக் பலகையின் சிவப்பைப் பார்த்தபிறகு அதன்மேல் பெயின்ட் அடிக்க யாருக்கும் மனம் வராது. அந்தமான் காடுகளைத் தவிர வேறெங்கும் தானாக முளைக்காத மரம் அது. குட்வில் எஸ்டேட் ஆனாலும் சரி, தீவுகளின் வேறெந்த ஊரானாலும் சரி, படகின் விளிம்புக் கட்டைக்கோ உட்காரும் பலகைக்கோ நல்ல படாக் துண்டு வாய்த்துவிட்டால் சொந்தக்காரர் கேட்பது ஒன்றுதான்: நிறம் தெரிகிற மாதிரி வார்னிஷ் அடித்தால் போதும், பெயின்ட் வேண்டாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து பதினொன்றரை டிகிரி தள்ளியிருக்கும் ஓரிடத்தின் வெயிலும், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டும் மழையும் அந்த ஆசையை மதிப்பதில்லை. சென்னையில் பெய்வதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மழை இது.

பூச்சு வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் தாங்கும்?" என்பது. டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் பதில் குளிர்நாட்டுக் கணக்கில் எழுதியதாக இருக்கலாம். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: "இது எப்படிக் கெடும்?" வெளியில் கிடக்கும் மரத்துக்கு அடித்த எந்தப் பூச்சும் ஒருநாள் கெடத்தான் போகிறது. மேலிருந்து மெல்லத் தேய்ந்து கெட்டால் மறுபடி ஒரு கோட் அடித்து மீட்டுவிடலாம். அடியிலிருந்து கழன்று தோலாக உரிந்தால் மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, மரத்தையும் சேர்த்து இழைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். தேர்வின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

வெயிலில் ஓராண்டு கிடந்த வார்னிஷ் பலகையில் ஓரமாக எழும்பி நிற்கும் ஒரு செதிலை நகத்தால் உரித்துப் பாருங்கள். மேற்பக்கம் இன்னும் பளபளப்பாகவே இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் மெல்லிய, வெளிறிய நார்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை மரத்தின் நார்கள். வார்னிஷ் மரத்தை விட்டுவிடவில்லை. மரத்தின் மேற்பரப்புதான் மரத்தை விட்டுக் கழன்று வந்திருக்கிறது. பூச்சு நல்லபடியாக இருக்கும்போதே அதன் கீழே அடித்தளம் பொடிந்துபோயிருக்கிறது.

இதற்குக் காரணம் லிக்னின். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பொருள்தான். செல்லுலோஸ் நார்களுக்கு இடையே நின்று அவற்றைப் பிடித்து வைத்திருப்பது இதுவே. செல்லுலோஸ் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. லிக்னினோ அதை வாங்கி விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றல் அதன் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலும் மேலும் உடைகின்றன. விளைவாக வரும் சிறு மூலக்கூறுகள் நீரில் கரையக்கூடியவை. அடுத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். பிடிமானம் போன செல்லுலோஸ் நார் மட்டும் மேலே மிஞ்சும். பழைய வேலிப் பலகைகளிலும் கட்டுமரங்களிலும் நாம் பார்க்கும் வெள்ளிச் சாம்பல் நிறம் அந்த நாரும், அதன்மேல் வளரும் கருநிறப் பூஞ்சணமும் சேர்ந்தது.

புற ஊதாக் கதிர் மரத்துக்குள் போகும் ஆழம் அதிகமில்லை. சுமார் 75 மைக்ரான். ஓர் ஏ4 தாளின் தடிமன்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி 200 மைக்ரான்வரை போகிறது. அதனால் வெயில் மட்டும் மரத்தைத் தின்று தீர்ப்பதில்லை. மிதவெப்ப நாடுகளில் பூச்சே இல்லாத ஊசியிலை மரங்கள் நூறு ஆண்டில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தேய்கின்றன. பலகைக்கு அது ஒன்றுமில்லை. பூச்சுக்கு அதுவே உயிர்நிலை, ஏனென்றால் பூச்சு பற்றிக்கொண்டிருப்பது அந்த முதல் 75 மைக்ரானைத்தான். அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910இலிருந்து இயங்கும் வனப் பொருள் ஆய்வகம் செய்த சோதனைகளில், இழைத்த மரத்தைச் சில வாரம் வெயிலில் போட்டுவிட்டுப் பெயின்ட் அடித்தாலே ஒட்டுதல் குறைந்துவிடுவது தெரியவந்தது. இழைத்த கையோடு பூச வேண்டும்; இரண்டு வாரத்துக்குமேல் தள்ளக்கூடாது என்பது அங்கிருந்து வந்த பாடம். நம் ஊர்களில் படகு கட்டிமுடித்து, நல்ல நாள் பார்த்து, பணம் புரட்டி, அப்புறம் பெயின்ட் வாங்கப் போகும் வழக்கத்தில் அந்த இரண்டு வாரம் எப்போதோ கடந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட பலகையை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துப் புது மரம் தெரிந்தபிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும்.

நிறமில்லாத வார்னிஷின் சிக்கல் இப்போது புரிந்திருக்கும். மரத்தின் சிவப்பு நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஒளி பூச்சைக் கடந்து உள்ளே போய்த் திரும்பி வந்தாக வேண்டும். அழகைக் காட்டும் அதே கதவு வழியாகத்தான் அழிவும் நுழைகிறது. படாக்கைப் பொறுத்தவரை இன்னொரு துயரமும் உண்டு. நாம் காப்பாற்ற நினைக்கும் அந்தச் சிவப்பு நிறப்பொருளே ஒளியில் மாறக்கூடியது. வார்னிஷ் அசையாமல் நின்றாலும் சிவப்பு பழுப்பாக இறங்கிவிடும்.

படகுக்கென்று விற்கும் நல்ல வார்னிஷ்கள் இதற்கு இரண்டு மருந்துகளைச் சேர்க்கின்றன. ஒன்று, பென்சோடிரையசோல் வகையைச் சேர்ந்த புற ஊதா உறிஞ்சிகள். கதிரை வாங்கியதும் இந்த மூலக்கூறுக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜன் ஓர் அணுவிடமிருந்து அடுத்த அணுவுக்குத் தாவி, ஆற்றலை வெப்பமாகக் கழித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணிமைக்கும் நேரம் என்பதெல்லாம் இங்கே யுகம். ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில் எல்லாம் முடிந்துவிடும். மற்றொன்று, உடைந்து அலையும் துண்டுகளைப் பிடித்து அடக்கும் அமீன் சேர்மங்கள். இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் உறிஞ்சி எவ்வளவு ஒளியை நிறுத்தும் என்பது பூச்சின் தடிமனைப் பொறுத்தது. ஒரு கோட் உலர்ந்தபின் 25 அல்லது 30 மைக்ரான்தான் நிற்கும். இரண்டு கோட் அடித்துவிட்டு வார்னிஷ் சரியில்லை என்று திட்டுவதில் பொருளில்லை. ஆறு, எட்டு கோட் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே உப்புத்தாள் போட வேண்டும். அதன்பின்னும் வெப்பமண்டலக் கடலில் சில மாதத்துக்கு ஒருமுறை மேலே ஒரு கோட் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மீன்பிடிப் படகு வைத்திருப்பவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

அடுத்து, எல்லோரும் பழியைப் போடும் கடல்நீர். மரப்படகை அழுக வைப்பது கடல் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. அழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளுக்கு வேண்டியது நன்னீர். மரத்தின் ஈரப்பதம் 28 முதல் 30 சதவீதத்தைத் தாண்டினால் அவை கொண்டாட்டமாக வளர்கின்றன. 20க்குக் கீழே இருந்தால் முடங்கிவிடுகின்றன. கடல்நீரில் ஊறிய பலகையில் உப்பு அவற்றை அடக்கி வைக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கப்பல் கட்டுநர்கள் கப்பலின் வங்குகளுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பியது இந்த அனுபவத்தால்தான். தளப்பலகையைத் தினமும் கடல்நீர் ஊற்றிக் கழுவும் மாலுமி வழக்கமும் அப்படியே. கடலின் நிஜமான தாக்குதல் நீர்மட்டத்துக்குக் கீழே, மரம் துளைக்கும் கப்பல்புழு வடிவில் வருகிறது. அது தனிக் கதை. அதற்குத் தாமிரம் கலந்த அடிப்பூச்சு தனியாக உண்டு. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் மரத்துக்கு எமன் மழைநீர்தான்.

இதற்குச் சரித்திரத்தில் ஒரு ஜோடி உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் டெப்ட்ஃபோர்டு தளத்தில் கட்டி 1810இல் இறக்கிய குயின் சார்லட் என்ற போர்க்கப்பல், பணிக்குப் போகும் முன்பே பூஞ்சை அரித்து, பெரும் செலவில் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. ஏழு ஆண்டு கழித்து, 1817இல், பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் தேக்கில் கட்டி இறக்கிய டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. திருக்கோணமலையின் பெயர் தாங்கிய கப்பல் அது. குயின் சார்லட்டைத் தின்றது கடலல்ல. காற்றோட்டமில்லாத உட்புறத்தில் தங்கிய ஈரமும், சரியாக உலராத மரமும்தான். டிரிங்கோமலியைக் காத்ததில் தேக்கின் வயிரப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வயிரத்தில் இயற்கையாகவே எண்ணெயும் பூஞ்சை எதிர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. படாக்கின் வயிரமும் அந்த வரிசையில் வைக்கத் தக்கதே. வயிரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய வெளிமரம், எந்த மரமானாலும், அப்படிப்பட்டதல்ல; பலகையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தால் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

ஆகவே ஒரு வினோத முடிவுக்கு வருகிறோம். முழுக்க வயிரமான படாக்குக்கும் தேக்குக்கும் அழுகலிலிருந்து காப்பதற்கென்று பூச்சே தேவையில்லை. உலகெங்கும் உல்லாசப் படகுகளின் தேக்குத் தளங்களை வெறுமனே விட்டுவைப்பது இதனால்தான். நிறம் சாம்பலாகும், கால் வழுக்காது, செலவும் இல்லை. பூச்சு அவசியமாவது கர்ஜன் போன்ற, இயற்கைக் காப்பு குறைந்த மரங்களுக்கு. படாக்குக்குப் பூச்சு அலங்காரம். கர்ஜனுக்கு அது ஆயுள் காப்பீடு. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். அழகான மரத்துக்கு விலை உயர்ந்த வார்னிஷ், சாதாரண மரத்துக்கு மிச்சமிருக்கும் பெயின்ட்.

கர்ஜன் என்றதும் அதன் எண்ணெயைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தமானிலும் பர்மாவிலும் வளரும் இந்தப் பெருமரத்தின் அடிப்பகுதியில் குழி வெட்டி, உள்ளே தீயைக் காட்டி அணைத்தால், பிசினெண்ணெய் சுரந்து குழியில் தேங்கும். வங்காளத்திலும் பர்மாவிலும் படகுப் பலகைக்குப் பூசவும் பொருத்துகளை அடைக்கவும் நெடுங்காலம் இது பயன்பட்டது. 1870களில் போர்ட் பிளேர் சிறைக் குடியிருப்பின் மருத்துவரான டூகல், குட்டநோய்க் கைதிகளுக்கு இதே எண்ணெயை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். படகுக்கு அது செய்த நன்மை நோய்க்குச் செய்யவில்லை. பூச்சாக இது வேலை செய்யும் விதம் எளிது. ஆவியாகும் பகுதி காற்றோடு போய்விட, பிசின் மரத்துக்குள் தங்கி நீரைத் தடுக்கிறது.

மற்ற எண்ணெய்கள் உலர்வது வேறு விதம். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை. அதன் கொழுப்பமிலச் சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜன் புகுந்து, சங்கிலியைச் சங்கிலியோடு கோத்து வலையாக்குகிறது. திரவம் தோலாகிறது, எடைகூடக் கொஞ்சம் கூடுகிறது. எந்த எண்ணெய்க்கு இந்தத் திறமை எவ்வளவு என்பதை அயோடின் மதிப்பு என்ற எண் சொல்லிவிடும். ஆளிவிதைக்கு அது 170 முதல் 200 வரை. தேங்காய் எண்ணெய்க்கு 10க்குள். தென்னை சூழ்ந்த தீவில் கைக்கெட்டும் எண்ணெய் அதுதான். ஆனால் பலகையில் எத்தனை முறை தேய்த்தாலும் அது எண்ணெயாகவே கிடந்து, தூசியையும் பூஞ்சணத்தையும் சேர்க்குமே தவிர ஒருநாளும் இறுகாது. கடற்கரையெங்கும் நிற்கும் புன்னையின் கொட்டை எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதிலுள்ள பிசின் கொஞ்சம் உதவும், முழுதாக உலராது.

மத்தி மீனெண்ணெய் விஷயம் சுவையானது. தென்னிந்தியக் கரைகளில் மரப்படகுக்கு மீனெண்ணெய் பூசும் வழக்கம் பழையது. ஒமேகா-3 என்று இன்று மாத்திரையாக விற்கும் அதே கொழுப்பமிலங்கள்தான் அங்கே வேலை செய்கின்றன. ஒன்றில் ஐந்து இரட்டைப் பிணைப்பு, இன்னொன்றில் ஆறு. ஆளிவிதையின் சிறந்த அமிலத்தில் மூன்றுதான். அப்படியானால் மீனெண்ணெய் ஆளிவிதையைவிட நன்றாக இறுக வேண்டுமே? இறுகுவதில்லை. கூடவே கணிசமான அளவு நிறைவுற்ற கொழுப்பும் இருக்கிறது. அது வலையில் சேராமல் இடையிடையே நின்று பூச்சைப் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். நாற்றத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் குறையிலும் ஒரு நன்மை இருந்தது. இறுகித் தோலாகாத பூச்சு உரிவதும் இல்லை. வெளுத்ததும் மேலே இன்னொரு கை பூசினால் ஆயிற்று. சுரண்டல் இல்லை, உப்புத்தாள் இல்லை. ஒவ்வொரு பருவமும் படகைக் கரையேற்றி ஒரு நாள் செலவிடும் மீனவருக்குப் பளபளப்பைவிட இந்தக் குணம்தான் பெரிது.

முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் இவற்றையெல்லாம்விடக் கெட்டி. அனகார்டிக் அமிலம், கார்டனால், கார்டால் என்ற பீனால் வகைப் பொருள்கள் நிறைந்தது அது. மரத்துக்குள் ஊறி, இறுகி, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கசப்பாகிவிடும். கைபட்டால் தோல் கொப்பளிக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் படகு மரங்களைக் காக்கும் பல வழிகளைச் சோதித்திருக்கிறது. தோணிக்கு உதவாது என்று ஒதுக்கிய ரப்பர் மரத்தையே மருந்தேற்றித் தோணி செய்துகாட்டியதும் அந்த நிறுவனம்தான். மருந்தேற்றுதல் என்பது பூச்சிலிருந்து வேறானது. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் உப்புகளை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தும் முறையை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் சோண்டி காமேசம் என்ற இந்தியர். பின்னாளில் உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் அதனால் நின்றன. ஆர்செனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அப்படி மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை அடுப்பில் வைக்கவே கூடாது. உள்ளே மருந்து ஏறிய மரம் அழுகாது என்பது உண்மை. ஆனால் வெயில் அதன் மேற்பரப்பையும் அரிக்கவே செய்யும். வெளிப்பூச்சு அதற்கும் வேண்டும்.

இனி கடையில் கிடைக்கும் நவீனப் பூச்சுகள். சாதாரண எனாமல் பெயின்டை நான் முதலிடத்தில் வைக்கிறேன். காரணம் நிறமி. டைட்டானியம் டையாக்சைடோ இரும்பு ஆக்சைடோ ஒளியை மரம்வரை போகவே விடாது. கெடுவதும் மேலிருந்துதான்: பிசின் வெயிலில் தேய, நிறமித் துகள் விடுபட்டுக் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டும். அசிங்கமாகத் தெரிந்தாலும் அது நல்ல சாவு. கழுவி, லேசாகத் தேய்த்து, மேலே ஒரு கோட். மரம் கீழே பத்திரமாக இருக்கும். தளத்துக்கும் மேற்கூரைக்கும் வெளிர் நிறமே சரி. கருநிறம் அடித்த பலகை உச்சி வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவு சூடேறி, உலர்ந்து, பிளக்கும்.

எபாக்சி மேல் பலருக்கு மோகம். நீரைத் தடுப்பதில் அதற்கு இணை குறைவு. வெயிலைத் தாங்குவதில் அது சோடை. மேலே பெயின்டோ வார்னிஷோ போடாவிட்டால் மஞ்சளாகி மாவாகும். ஈரக்காற்றில் இறுகும்போது மேலே மெழுகுபோல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் ஒட்டாது. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் கண்ணாடிபோல் நிற்கும். ஆனால் பலகைக்குப் பலகை அசையும் மரப்படகில் பொருத்துகளின்மேல் அது முதலில் விரியும். விரிந்த கீற்று வழியே மழைநீர் உள்ளே போகும். வெளியே வர வழியிருக்காது. தேக்கெண்ணெய் என்ற பெயரில் டப்பாவில் வருவது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. உலரும் எண்ணெயும் கரைப்பானும் கலந்தது. சில வாரத்தில் கறுத்துப் பூஞ்சணம் பூக்கும். இந்த ஈரத்தில் அதற்குக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

நிறம் தெரிய வேண்டும், உரியவும் கூடாது என்பவருக்கு நடுவழி ஒன்று உண்டு. ஒளி அலைநீளத்தைவிடச் சிறிய இரும்பு ஆக்சைடுத் துகள் கலந்த, மரத்துக்குள் ஊறும் சாயப்பூச்சு. செம்பழுப்பு நிறத்தில் அடித்தால் படாக்கின் வெளிறலை மறைத்து, ரேகையையும் காட்டும். தோலாக நிற்காது, தேய்ந்தே கெடும். அசல் வார்னிஷைத்தான் போடுவேன் என்பவர் கூரை நிழலுக்குள் வரும் சுக்கான் பிடிக்கும் பகுதியிலும் உட்புறத்திலும் அதை வைத்துக்கொள்ளட்டும். எண்ணெய்ப் பங்கு அதிகமுள்ள படகு வார்னிஷே வேண்டும்; மரச்சாமான் வார்னிஷ் கண்ணாடிபோல் இறுகி, பலகை மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது கூடவே நெளியத் தெரியாமல் வெடிக்கும். படகைக் கட்டிப்போட்டிருக்கும் நேரத்தில் மேலே ஒரு தார்ப்பாய் விரித்துவைப்பது எந்த வார்னிஷையும்விட மலிவான காப்பு.

எதை அடித்தாலும் எப்போது அடிக்கிறோம் என்பது பாதி வேலை. தீவுகளில் மே முதல் டிசம்பர்வரை இரண்டு பருவமழைகளும் மாறிமாறி வரும். ஜனவரி முதல் ஏப்ரல்வரைதான் பிரஷ் எடுக்கும் காலம். அப்போதும் காலைப் பனி முழுக்க உலர்ந்தபின் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். இறுகாத வார்னிஷ்மேல் மாலை ஈரம் படிந்தால் பளபளப்பு செத்து வெளிறிவிடும். இன்னொன்றை மிகப் பலர் தவறவிடுகிறார்கள்: உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். அந்தமானில் காற்று அந்த அளவுக்கு மேலேதான் பெரும்பாலும் நிற்கிறது. பலகையில் உப்புப் படிவை வைத்துக்கொண்டு பூசினால், அந்த உப்பு பூச்சுக்கு அடியிலிருந்து நீரை இழுத்துக் கொப்பளம் போடும். ஆகவே நன்னீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, அப்புறம்தான் பூச்சு. தேக்கு, படாக் போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மரங்களை அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்திலுள்ள பொருள்கள் மேலேறி முதல் கோட்டை உலரவிடாது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி ஓலைக்கொட்டகை மூலையில் எறியாதீர்கள். உலரும்போது அது வெளியிடும் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றியிருக்கிறது. தண்ணீரில் போடுங்கள், அல்லது விரித்துக் காயவிடுங்கள். பழைய பெயின்டைத் தேய்க்கும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கோட்டுகளில் எவ்வளவு ஈயம் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தமானின் சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கிய நாளிலிருந்து பல தலைமுறை படாக்கும் கர்ஜனும் அங்கே அறுபட்டு வெளியே போயின. 2002 மே மாதத்து உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தீவுகளில் மரம் வெட்டுவது மிகவும் சுருங்கிவிட்டது. அந்தக் காடு தப்பியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கையிலிருக்கும் பலகையை இன்னும் பதினைந்து ஆண்டு இழுத்துப்பிடிக்க வேண்டிய கட்டாயமும் அதனாலேயே வந்தது. வார்னிஷும் பெயின்டும் பெரும்பாலும் நிலப்பரப்பிலிருந்து கப்பலேறி வருகின்றன; கப்பல் கூலியும் விலையில் ஏறிவிடும்.

கையில் ஒரு லிட்டர்தான் இருக்கிறது என்றால் அதை எங்கே அடிப்பது? படகின் பெரிய பக்கப்பலகையில் என்றுதான் கை போகும். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. அங்கே கடைசியில் வையுங்கள். முதலில் பலகைகளின் வெட்டுமுனைகள். மரத்தின் நீர்க்குழாய்கள் வாய் திறந்து நிற்கும் இடம் அது. பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும். நீர்த்த பூச்சை அது குடிக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; மூன்று கைகூடப் போகும். அடுத்து ஆணி, திருகாணி துளைகள்: ஆணியை இறக்கும் முன்பே துளைக்குள் பூச்சைத் தொட்டு விட வேண்டும். பிறகு இரண்டு கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் பொருத்துகள். பொருத்தியபின் பிரஷ் உள்ளே போகாது, அதனால் பொருத்தும் முன்பே. பிறகு விளிம்புகள். கூர்மையான முனையில் எந்தப் பூச்சும் வழிந்து மெலிந்துவிடும். உப்புத்தாளால் முனையை மழுக்கி உருட்டிவிட்டால் பூச்சு ஒரே தடிமனில் உட்காரும். அதன்பின் மழைநீர் தேங்கும் கிடைப் பலகைகள். லிட்டரில் மிச்சமிருந்தால் பக்கப்பலகை.